பட்டிக்குத் துப்பாக்கி வாங்கப் போகும் மகளுக்கு

கண்ணு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். கூட்டினால் 2,000 டாலரைத் தாண்டுகிறது. அதில் பாதிப் பணத்துக்குள் உன் வேலை முடிந்துவிடும். ஆட்டுக்குட்டி பிடிக்க வரும் கொயோட்டி என்ற காட்டு நாய்க்குத்தானே வாங்குகிறாய், மலையேறி எல்க் மான் சுடவா போகிறாய்? மீதிப் பணத்துக்குத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகு என்பதுதான் நான் சொல்ல வருவது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஃபோனில் சொன்னால் நீ பாதியில் "சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

துப்பாக்கிக்கு முன்னால் தோட்டாவை முடிவு செய். கடைக்காரர் காட்டிய 6.5 கிரீட்மோர் நல்ல தோட்டாதான். ஆனால் அது 2007-ல் தொலைதூரக் குறிப்போட்டிக்காக வந்தது. 12, 15 கிலோ இருக்கும் ஒரு மிருகத்துக்கு அது அதிகம், விலையும் அதிகம், தோளில் உதைப்பதும் அதிகம். அப்பா எப்போதும்போல .22-250 கட்சி. நொடிக்கு 3,600 அடிக்கு மேல் பறக்கும், 300 யார்டு வரை கிட்டத்தட்ட நேர்கோடு என்பார். உண்மைதான். குழல் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் தேயும், சின்ன ஊர்க் கடைகளில் அந்தத் தோட்டா எப்போதும் கிடைக்காது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

என் ஓட்டு .223 ரெமிங்டனுக்கு. 55 கிரெய்ன் எடையுள்ள குண்டு நொடிக்கு 3,200 அடி வேகத்தில் போகிறது, கொயோட்டிக்கு அது தாராளம். உதை மிகக் குறைவு. அதனால் சுட்ட பிறகும் குறி ஸ்கோப்பை, அதாவது துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கியை, விட்டு ஓடாது, எங்கே பட்டது என்று நீயே பார்க்கலாம். பழகுவதற்கான சாதாரணத் தோட்டா ஒன்று அரை டாலர் அளவில் கிடைக்கும். எந்த ஊர்க் கடையிலும் ஒரு பெட்டியாவது இருக்கும்.

ஆனால் நீ இருப்பது வயோமிங், காற்றுக்குப் பேர் போன இடம். இங்கே டெக்சஸில், சான் ஆஞ்சலோவில், நம்மூர் சீமைக்கருவேலத்துக்கு உறவான மெஸ்கீட் புதர்தான் எங்கும். கொயோட்டி 60, 80 யார்டில்தான் தலைகாட்டும், காற்றைப் பற்றி யோசிக்க நேரமே இருக்காது. உன் பக்கம் சேஜ் புதர் முழங்கால் உயரம், அதற்கு மேல் வெட்டவெளி. மணிக்கு 10 மைல் காற்று பக்கவாட்டில் அடித்தால் 55 கிரெய்ன் குண்டு 200 யார்டில் 4, 5 அங்குலம் தள்ளிப்போகும், 300 யார்டில் 10 அங்குலத்துக்கு மேல். .243 வின்செஸ்டரில் 87 கிரெய்ன் குண்டு போட்டால் அதில் ஏறக்குறைய பாதிதான் தள்ளும். எனவே யாராவது உன்னிடம் .243 வாங்கு என்று சொன்னால் அவர் தப்பாகச் சொல்லவில்லை. நான் சொல்வது வேறு: 200 யார்டுக்கு மேல் சுடாதே. முயல் கத்தும் ஒலியை வைத்துக் கூப்பிட்டால் அதுவே கிட்டே வரும். வரும்போது காற்றுக்குக் கீழ்ப்பக்கமாகச் சுற்றி மோப்பம் பிடிக்கப் பார்க்கும், அந்தப் பக்கம் உனக்குத் திறந்து தெரிகிற மாதிரி உட்கார். 15, 20 நிமிடம் காத்திருந்தும் வரவில்லையா, எழுந்து இடம் மாற்று.

இப்போது துல்லியம். விளம்பரத்தில் 1 எம்ஓஏ என்று போட்டிருப்பதை நீ கேட்டாயே, 100 யார்டில் எல்லாக் குண்டும் சுமார் 1 அங்குல வட்டத்துக்குள் விழும் என்று அர்த்தம், 200 யார்டில் 2 அங்குலம். குளிர்காலத்தில் கொயோட்டி பெரிதாகத் தெரியும், பாதி வெறும் முடி. நெஞ்சில் நீ குறி வைக்க வேண்டிய இடம் 4, 5 அங்குலம்தான். ஒன்றரை எம்ஓஏ துப்பாக்கியாக இருந்தாலும் 200 யார்டில் அதற்குள் விழும். எனவே அரை அங்குலத் துல்லியத்துக்கு 800 டாலர் கூடுதலாகக் கொடுப்பதில் உனக்கு லாபமில்லை. தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்க, காற்றில் நடுங்கும் உன் கைதான் அந்த வட்டத்தைப் பெரிதாக்கும்.

மூன்று குண்டு ஒட்டி விழுந்த அட்டையைக் காட்டி யாராவது விற்க வந்தால் நம்பாதே. மூன்று குண்டு தற்செயலாகக்கூட ஒட்டி விழும். ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார், வேறொரு நாளும் சுட்டுப் பார். அதைவிட முக்கியம், ஒவ்வொரு நாளும் குழல் குளிர்ந்திருக்கும்போது போகும் முதல் குண்டு எங்கே விழுகிறது என்று குறித்து வை. வேட்டையில் உனக்குக் கிடைப்பது அந்த ஒரு குண்டுதான்.

துப்பாக்கியாக ருகர் அமெரிக்கன் பிரிடேட்டர், அல்லது சாவேஜ் ஆக்சிஸ் 2. போல்ட் இழுத்துச் சுடும் எளிய துப்பாக்கிகள், 400 முதல் 600 டாலருக்குள் வரும். தோளில் வைக்கும் பிளாஸ்டிக் கட்டை பார்க்க அழகாக இருக்காது, அதனால் என்ன. ஆக்சிஸ் வாங்கினால் அக்யூட்ரிகர் என்ற விசை உள்ளதாகப் பார், அதன் கனத்தை நீயே குறைத்துக்கொள்ளலாம். கனமான விசை நல்ல குறியைக்கூடக் கடைசி நொடியில் இழுத்துவிடும். பழைய டிக்கா டி3 நல்ல நிலையில் கைக்கு வந்தால் யோசிக்காமல் எடு, ஃபின்லாந்துக்காரர்கள் அந்த போல்ட்டை வெண்ணெய் மாதிரி ஓடும்படி செய்திருக்கிறார்கள். பழையதில் குழல் முனையைப் பார்க்காமல் வாங்காதே. அங்கே ஒரு சிறு நசுங்கல் இருந்தாலும் குண்டு திசை மாறும்.

இன்னொன்றை உனக்குக் கடையில் சொல்ல மாட்டார்கள். துப்பாக்கிக் கட்டைகளைச் சராசரி ஆணுக்கு அளவெடுத்துச் செய்கிறார்கள். உன் கைக்கு அது நீளம், அதோடு நீ தடிமனான ஜாக்கெட் வேறு போட்டிருப்பாய். கட்டை நீளமாக இருந்தால் கண் ஸ்கோப்புக்குச் சரியான தூரத்தில் வராது, பார்வையின் ஓரம் கறுப்பாக வெட்டும். காம்பேக்ட் மாடல் கேள். கடைக்கு அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே போ, வெயில் அடித்தாலும் பரவாயில்லை. கண்ணை மூடித் தோளில் வைத்துப் பின் திற. ஸ்கோப்பில் முழு வட்டமும் தெரிந்தால் அது உன் அளவு.

ஸ்கோப்பில் மட்டும் கஞ்சம் பிடிக்காதே, 250 டாலர் ஒதுக்கு. 3-9x40 போதும், 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும். 20 மடங்கு பெரிதாக்குவது உனக்கு இடைஞ்சல்தான், கொயோட்டி 40 யார்டில் வந்து நின்றால் வெறும் முடிதான் தெரியும். காத்திருக்கும்போது 4-ல் வைத்துக்கொள். ஸ்கோப்பைப் பிடிக்கும் திருகுகளை, எவ்வளவு இறுகியது என்று இன்ச்-பவுண்டில் காட்டும் திருப்புளியால் முறுக்கு. குறி மாறுகிறது, துப்பாக்கி கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலருக்குத் தளர்ந்திருப்பது இந்தத் திருகுதான்.

குறியை 200 யார்டுக்கு வை. 100 யார்டில் ஒன்றரை அங்குலம் மேலே விழும், 250-ல் 3 அங்குலம் கீழே. வேட்டைக்கு வெடித்துச் சிதறும் வார்மின்ட் குண்டு போடு. பழகும் முழுச்செம்பு உறைக் குண்டு ஊடுருவிப் போகும், கல்லில் பட்டால் தெறிக்கும். இரண்டும் ஒரே இடத்தில் விழாது, எனவே வேட்டைக் குண்டில் குறியைச் சரிபார்க்காமல் கிளம்பாதே. பழகுவதும் மேசையில் சாய்ந்து வேண்டாம். தரையில் உட்கார்ந்து, குச்சியில் தாங்கி, காற்றடிக்கிற நாளில் பழகு.

உன் கிடையில் அனடோலியன் காவல் நாய் இருக்கிறது. மங்கலில் அதன் நிறமும் கொயோட்டி நிறமும் ஒன்றுதான். எது என்று பார்க்க பைனாகுலர் எடு, துப்பாக்கி ஸ்கோப்பால் ஒருபோதும் பார்க்காதே. பின்னால் மண்மேடு இல்லாமல் மேட்டு விளிம்பில் நிற்பதைச் சுடவும் வேண்டாம். நாயும் இரவில் அடைக்கும் பட்டியும்தான் உன் குட்டிகளை அதிகம் காப்பாற்றும். சுட்ட கொயோட்டியின் இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும். திரும்பத் திரும்பக் குட்டி பிடிக்கும் ஒன்றை நிறுத்தத்தான் இந்த ரைஃபிள்.

மாப்பிள்ளை விஷயம். உன்னிடம் கிரீன் கார்டு இருக்கிறது, கடையில் 4473 என்ற படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்தால் வாங்கிவிடலாம். அவர் இன்னும் ஹெச்-1பி. குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. வேடிக்கை என்னவென்றால், வயோமிங்கில் கொயோட்டி சுட லைசென்ஸே வேண்டாம், ஆனால் அவர் கையில் துப்பாக்கி இருக்க லைசென்ஸ் வேண்டும். அவருடைய விசா வக்கீலிடம் கேட்டுத் தெளிவு பண்ணும் வரை பெட்டியைப் பூட்டிச் சாவியை நீயே வைத்துக்கொள். அவரிடம் நான் சொன்னதாகவே சொல், கோபித்துக்கொள்ள மாட்டார்.

துப்பாக்கி 500, ஸ்கோப் 250, ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையமும் திருப்புளியும் 80, காதுக்கு நல்ல மூடி 40. மிச்சம் எல்லாம் தோட்டா. கடையில் சொல்லும் விலையை வாட்ஸ்அப்பில் போடு. அப்பா .22-250 என்று பதில் போட்டால் கண்டுகொள்ளாதே.

அம்மா