பெரியண்ணாவின் கை தப்பவில்லை

அன்புள்ள மாப்பிள்ளை,

ஐந்து மாதமாகப் பதிலே போடவில்லை, தப்புதான். திட்டுவதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, சின்னவள் பத்தாவது போய்விட்டாள். இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்ததே பெரியண்ணாவைப் பற்றி உனக்குச் சொல்லத்தான். வயர்லெஸ் ஹெட்போனா, போனில் செருகுகிற டிஏசியா (டிஜிட்டலை ஒலியாக மாற்றுகிற சின்னக் கருவி) என்று நீ மார்ச்சில் கேட்டாயே, அதற்கான பதிலும் இதற்குள்ளேயே வந்துவிடும், பொறுமையாகப் படி.

போன மாதம் நங்கநல்லூர் போயிருந்தேன். மிருதங்கம் உறை போட்டபடி பரண்மேல் இருந்தது. அண்ணா வீட்டில், பரண்மேல்! அண்ணி காப்பி கொடுக்கும்போது ஒன்றும் சொல்லாமல் கண்ணால் மேலே காட்டினார். கேட்டேன். "கை போயிடுச்சுடா. காலப்பிரமாணம் நிக்கல. இனிமே எதுக்கு மூட்டு மாத்தி, வார் பிடிச்சு..." என்று தோல் மாற்றுகிற பேச்சின் பாதியிலேயே நிறுத்திவிட்டார். தாள வேகம் கையில் நிற்கவில்லை என்கிறார். திருவல்லிக்கேணி மேன்ஷன் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி விவகாரம் நடந்த அந்த ராத்திரிகூட ஒரு அட்சரம் பிசகாமல் வாசித்த மனிதர். அவர் வாயில் இந்த வார்த்தையைக் கேட்டு எனக்குக் காப்பி இறங்கவில்லை.

நடந்தது இதுதான். கோவையில் பாடுகிற ஒரு பெண் தன் பாட்டைப் பதிவு செய்து அனுப்புவாள். அண்ணா அதைக் காதில் கேட்டுக்கொண்டே வாசித்து, போனிலேயே பதிந்து திருப்பி அனுப்புவார். நாலு வருஷமாக ஒழுங்காக ஓடிய ஏற்பாடு. ஜனவரியிலிருந்து, "அண்ணா, கொஞ்சம் பின்னாடி விழுது" என்று அவள் தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். இவர் மறுபடி வாசித்தார், மறுபடியும் அதே பதில். ஒரு பாட்டுக்கு ஒன்பது தடவை. அப்புறம் அவள் வேறு ஒருவரை வைத்துப் பதிவை முடித்துவிட்டாள், இவர் மிருதங்கத்தைப் பரணில் ஏற்றிவிட்டார். 64 வயது. "வயசாச்சு, ஒத்துக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாலு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை, அண்ணியிடம்கூட.

நான் கிளம்பும்போது, வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல், இப்போது எதில் பாட்டுக் கேட்கிறீர்கள் என்று கேட்டேன். பையன் புதுப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான், அதில் இயர்போன் ஓட்டை இல்லை, அதனால் கூடவே வயர்லெஸ் இயர்பட்ஸும் கொடுத்திருக்கிறான். எப்போது? ஜனவரியில். பழவந்தாங்கலில் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

அடுத்த ஞாயிறு திரும்பப் போனேன். அவர் போனில் ரெக்கார்டிங் ஆப்பைத் திறந்து, நொடிக்கு ஒன்றாக 'டக்' 'டக்' என்று விழுகிற ஒரு தடத்தை ஓடவிட்டு, இயர்பட்ஸில் ஒன்றைப் போனின் மைக் துளைமேல் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு பதிவு செய்தேன். திரையில் இரண்டு கோடுகள். மேல் கோட்டில் முள் மாதிரி ஒரு கூர். கீழ்க் கோட்டிலும் அதே கூர், ஆனால் வலப்பக்கம் தள்ளி. விரலால் பெரிதாக்கி அளந்தால் இடைவெளி 0.22 விநாடி. அடுத்த டக்குக்கும் 0.22, அதற்கடுத்ததற்கும் 0.22. அண்ணா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பாட்டு நிமிடத்துக்கு 75 அட்சரம், அதாவது 75 தாள எண்ணிக்கை. அப்படியென்றால் ஒரு அட்சரம் 0.8 விநாடி, அதை நாலாகப் பிரிக்கிற சதுஸ்ர நடையில் ஒரு மாத்திரை 0.2 விநாடி. அவர் காதுக்குப் பாட்டே ஒரு மாத்திரைக்குமேல் பிந்தித்தான் வந்துகொண்டிருந்தது! கேட்டதற்குச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். கேட்டதுதான் பிந்தியது. கை தள்ளாடியிருந்தால் ஓரிடத்தில் முந்தும், ஓரிடத்தில் பிந்தும். இவருடையது முதல் சொல்லிலிருந்து கடைசி வரை ஒரே அளவு பிந்தியிருந்தது. அப்படி வாசிக்கக் கை எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்.

ஒன்பதாவது பதிவை அவர் அழிக்காமல் வைத்திருந்தார். அந்தத் தடத்தை மட்டும் 0.22 விநாடி முன்னால் இழுத்து வைத்து ஓடவிட்டேன். மாப்பிள்ளை, முடிப்பாக வாசிக்கிற கடைசிக் கோர்வை மூன்றாவது முறை சுற்றி வந்து, பாட்டு தொடங்குகிற இடமான எடுப்பில் அப்படியே உட்கார்ந்தது. "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். மூன்றாவது தடவை போடும்போது அண்ணி ஈரக் கையோடு அடுக்களையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார்.

ஏன் இப்படி ஆகிறது என்று அவருக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன், நீ வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இது. போன் பாட்டை முதலில் சுருக்குகிறது, பொட்டலம் பொட்டலமாக ப்ளூடூத்தில் அனுப்புகிறது. நடுவில் ஒன்றிரண்டு தொலைந்தாலும் பாட்டு அறுந்துவிடக் கூடாது என்று இயர்பட்ஸ் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் விரித்துப் பாடுகிறது. அந்தச் சேமிப்புதான் தாமதம், பெரும்பாலும் கால் விநாடிக்குப் பக்கம் வந்துவிடும். சும்மா கேட்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது. வீடியோவிலும் தெரியாது, ஏனென்றால் ஆப்பே படத்தையும் அதே அளவு பிந்த வைத்து உதட்டையும் குரலையும் சேர்த்துவிடுகிறது. தினமும் கச்சேரி வீடியோ பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குச் சந்தேகமே வராததற்கு அதுதான் காரணம். விலை உயர்ந்த இயர்பட்ஸாக இருந்திருந்தாலும் அநேகமாக இதேதான் நடந்திருக்கும்.

அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட் போய் டைப்-சியிலிருந்து 3.5 மி.மீ. ஜாக்குக்கு மாற்றுகிற ஒரு டாங்கிள் (சின்ன இணைப்பான்) வாங்கினேன். முதலில் வாங்கியது வேலை செய்யவில்லை. அதற்குள் வெறும் கம்பிதான் இருந்தது, சிப் இல்லை. சில போன்கள் டைப்-சி வழியாக நேரடியாக அனலாக் ஒலியைத் தருவதில்லை, அதனால் டிஜிட்டலை ஒலியாக மாற்றுகிற டிஏசி சிப் டாங்கிளுக்குள்ளேயே இருக்க வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லவும் இல்லை, திருப்பி வாங்கவும் இல்லை, எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. டிஏசி உள்ளதாகப் பார்த்து இரண்டாவது வாங்கி, 1,500 ரூபாய்க்கு ஒரு சீன வயர் இயர்போனும் வாங்கிக்கொண்டு போய் அதே டக் டக் சோதனையைச் செய்தேன். இடைவெளி 0.03 விநாடி. கைதட்டினால் பத்து மீட்டர் தள்ளி நிற்கிறவன் காதுக்குச் சத்தம் போய்ச் சேரும் நேரம், அவ்வளவுதான்.

அவருடைய ஆன்லைன் வகுப்புக் குறையும் இதில் பாதி தீர்ந்தது. பையன் வாசிப்பது தகர டப்பா மாதிரி கேட்கிறது, தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) கும்கி என்கிற வளைந்த நாதம் வருகிறதா என்றே தெரியவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். ப்ளூடூத் இயர்பட்ஸின் மைக்கைப் பயன்படுத்தும்போது போன் தொலைபேசிப் பேச்சுக்கான முறைக்கு மாறிவிடுகிறது, கேட்கிற ஒலியும் சேர்ந்து மெலிந்துவிடும். வயருக்கு மாறியதும் இந்தப் பக்கம் சரியானது. மீதிப் பாதி ஆப்பின் வேலை, மிருதங்கத்தை அது இரைச்சல் என்று நினைத்து அமுக்கப் பார்க்கிறது. பையனின் போனில் அந்தச் சத்தக் குறைப்பை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்புகிற கோடெக் முறைகளில் எல்டாக்தான் உசத்தி, 990 கேபிபிஎஸ் (நொடிக்கு 990 கிலோபிட்), கிட்டத்தட்ட சிடி தரம் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். சிடி 1,411, சாதாரண கோடெக்கான எஸ்பிசி 328, எல்லாம் சரிதான். ஆனால் உன் கையில் இருப்பது ஐபோன் அப்பா! அதில் எல்டாக்கே கிடையாது, எஸ்பிசியும் ஏஏசி என்கிற இன்னொரு கோடெக்கும்தான். எந்த ஹெட்போன் பெட்டியில் என்ன முத்திரை குத்தியிருந்தாலும் உனக்கு ஏஏசிக்கு மேல் வராது.

அதற்காக மனசை விட்டுவிடாதே. சின்னவளை விட்டு எனக்குத் தெரியாமல் கோடெக்கை மாற்ற வைத்து, என் ஆண்ட்ராய்டு போனில், ஒரே ஹெட்போனில், ஒரு சாயங்காலம் முழுக்கக் கேட்டேன். தம்புராவும் வயலினும் மட்டும் உள்ள ஆலாபனை, கூட்டுப் பாட்டு, பழைய வானொலிப் பதிவு எல்லாம் போட்டாள். ஏஏசிக்கும் எல்டாக்குக்கும் வித்தியாசம் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அண்ணாவுக்கு வாங்கிய அந்த 1,500 ரூபாய் வயர் இயர்போனுக்கும் என் வயர்லெஸ் இயர்பட்ஸுக்கும் இருந்த வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரிந்தது. வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) சாப்பு என்கிற அடி விழுந்து அடங்கும் அந்த ரீங்காரம் வயரில் முழுசாக நின்றது, இயர்பட்ஸில் பேஸை ஏற்றிக் கட்டியிருந்ததால் அது அடியில் மூழ்கிப் போனது. ஒலியைத் தீர்மானிப்பது காதில் இருக்கிற கருவியும், அதன் ரப்பர் முனை காதை இடைவெளி இல்லாமல் அடைக்கிறதா என்பதும்தான். முனை சரியாக உட்காராவிட்டால் எவ்வளவு பெரிய டிஏசி போட்டாலும் பேஸ் வெளியே ஓடிவிடும். மூன்று அளவையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார், முடிவு அப்புறம்.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். நீ வாரா வாரம் பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வருகிறவன். அந்த இன்ஜின் உறுமலுக்கு வயர் இயர்போன் போட்டால் வால்யூமை ஏற்றிக்கொண்டே போவாய். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம்தான். அதற்கு மேலே போகப் போக நேரம் மளமளவென்று குறையும். பஸ்ஸுக்கு நாய்ஸ் கேன்சலிங் உள்ள வயர்லெஸ்ஸே வாங்கு. இன்ஜின் மாதிரித் தாழ்ந்த, ஒரே சீரான சத்தத்தைத்தான் அது நன்றாக அடக்கும், உனக்கு வேண்டியதும் அதுதான். நடுத்தர விலையில் போதும். அந்த பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும், அதில் முப்பதாயிரம் போடுவதில் எனக்குச் சம்மதமே இல்லை. வீட்டில் கேட்க ஒரு சாதாரண டாங்கிள், ஒரு நல்ல வயர் இயர்போன். உன் ஐபோன் 15 ஆச்சே, டைப்-சி டாங்கிளே போதும். ஒலியைப் பெருக்குகிற கையடக்க ஆம்ப் இப்போது வேண்டாம். மாமா விட்டுப்போன அந்த 300 ஓம் ஹெட்போனை நிஜமாகவே தினமும் போட்டுக் கேட்பதாக இருந்தால் மட்டும் ஆம்ப்பை யோசி. பழைய கச்சேரிப் பதிவுகள் மெல்லிய ஒலியில்தான் இருக்கும், அந்த ஹெட்போனில் அவற்றைப் போதுமான சத்தத்தில் தரச் சின்ன டாங்கிள் திணறும்.

அந்தக் கோவைப் பெண்ணிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்றார் அண்ணா. போன வாரம் அவளே புதுப் பாட்டு ஒன்று அனுப்பியிருக்கிறாள், பதிவு செய்ய அல்ல, கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்ல. இவர் டாங்கிளைச் செருகி, வாசித்து, ஒரே தடவையில் பதிந்து, ஒரு வார்த்தைகூட எழுதாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார். பதினைந்து நிமிடத்தில் போன் வந்ததாம். என்ன பேசினார்கள் என்று அண்ணி எனக்குச் சொல்லவில்லை, ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் மிருதங்கத்தை ஆட்டோவில் வைத்து வலந்தலை மூட்டு மாற்றக் கொடுத்துவிட்டு வந்தார் என்று சொன்னார். அடுத்த புதன் திரும்பி வருகிறது. நீ இந்தத் தடவை வரும்போது புதனுக்கு அப்புறம் வா, நங்கநல்லூருக்குச் சேர்ந்தே போவோம்.

உன்,
மூன்றாம் மாடி