கைத்தறிச் சட்டைக்கு 18 சதவீதமா? சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் தலைவர் அவர்களுக்கும், மாநிலங்களின் சார்பில் அதில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம்.

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி நடந்த தங்கள் 56-ஆவது கூட்டத்தின் முடிவுகளைத் தங்களுக்கே நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆயத்த ஆடை ஒன்றின் விலை 2,500 ரூபாய்க்குள் இருந்தால் 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம் என்று அன்று போட்ட கோடு, அதே மாதம் 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்ததிலிருந்து எங்கள் பட்டறையையும் எங்களுக்கு நெய்து தரும் தறிவீடுகளையும் என்ன பாடு படுத்துகிறது என்பதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன். கேட்க வந்ததையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைத்தறித் துணியில் தைத்த ஆடைக்கு, அதன் விலை எதுவானாலும், 5 சதவீத வரியே இருக்க வேண்டும்.

ஈரோடு மாவட்டம் சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஆடைப் பட்டறை நடத்துகிறேன். தையலுக்கு ஏழு பேர், ஒரு கட்டிங் மாஸ்டர், செக்கிங் பார்க்க இரண்டு பெண்கள். சுற்று வட்டாரத்தில் பதினான்கு குடும்பங்கள் எங்களுக்காகத் தறி ஓட்டுகின்றன. போர்வை நெய்து பழகிய கைகள் அவை. சட்டைத் துணிக்கு மாற இரண்டு ஆண்டுகள் பிடித்தன. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மழையை மட்டும் நம்பி விளையும் கருங்கண்ணிப் பருத்தியில் நூல் எடுக்கிறோம். சாயத்துக்கு அவுரியும் கடுக்காயும் மஞ்சிட்டியும்தான்.

இதற்கு முன் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில், வாங்கும் கம்பெனியோடு விலை பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தேன். வெளிநாட்டுக் கம்பெனி பத்து சென்ட் குறைக்கச் சொன்னால் அந்தப் பத்து சென்ட்டை யார் கூலியில் எடுப்பது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதும் அந்த வேலையில் சேர்ந்தது. 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து, உள்ளே தைத்துக்கொண்டிருந்தவர்களில் 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இடிபாடுகளுக்கு நடுவே வெளிநாட்டுக் கம்பெனிகளின் லேபிள்கள் கிடந்த படங்களைப் பார்த்தேன். நான் போட்டுக் கொடுத்த கணக்குகளும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி என்பது அன்றுதான் உறைத்தது. தைப்பவர் யார், நெய்பவர் யார், அவர்கள் கையில் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில்தான் இந்தப் பட்டறையைத் தொடங்கினேன்.

எங்கள் சட்டை ஒன்றின் விலை, வரி நீங்கலாக, 2,900 ரூபாய். துணி இரண்டரை மீட்டருக்கு 1,050, தையல் 340, பொத்தானும் நூலும் 45, துவைத்துத் தேய்த்து மடிக்க 55, வாடகை, மின்சாரம், லாரிச் செலவு எல்லாம் சேர்ந்து 210. ஆக, அடக்கம் 1,700. கடைக்காரர் பங்கு 30 சதவீதம், அதாவது 870. மிச்சம் 330 ரூபாயில்தான் அடுத்த பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழை வரிசைக்கு, நூல் வாங்குகிறோம். 2,500-க்குக் குறைத்துக் கொடுத்தால் கடைக்காரர் பங்கு போகக் கையில் நிற்பது 50 ரூபாய். வேறு வழி வேண்டுமென்றால் 340-லோ 1,050-லோ தான் கை வைக்க வேண்டும். முன்னது தையற்காரரின் பணம், பின்னதில் ஒரு பங்கு நெசவாளியின் பணம்.

முன்பு எங்கள் சட்டை 12 சதவீத வரியோடு 3,248 ரூபாய்க்கு விற்றது. பக்கத்து அலமாரியில் இருக்கும் 2,400 ரூபாய் மில் சட்டைக்கும் அப்போது அதே 12 சதவீதம்தான். அது 2,688-க்குப் போனது. இடையே இருந்த வித்தியாசம் 560 ரூபாய், அதைப் பேசிப் புரியவைத்து விற்க முடிந்தது. இன்று எங்கள் சட்டை 3,422, அந்தச் சட்டை 2,520. வித்தியாசம் 902 ரூபாய். எங்கள் துணியை ஆறு ஆண்டுகளாக எடுத்து விற்கும் சென்னைக் கடைக்காரர், தீபாவளிக்குச் சொல்லிவைத்த 240 சட்டைகளில் 150-ஐ அக்டோபர் முதல் வாரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் கடை வாடகை இருக்கிறது.

அந்தச் செய்தியோடு நான் போய் நின்ற தறிவீட்டைப் பற்றித்தான் தாங்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். வீட்டின் முன்னறையில், தரையில் குழி வெட்டி அமைத்த குழித்தறி. அறுபது மீட்டர் பாவில் இருபத்திரண்டு மீட்டர் நெய்து முடித்திருந்தார் அந்த அம்மா. மாமியார் திண்ணையில் உட்கார்ந்து குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தார். சரக்கு நின்றுபோன விவரத்தைச் சொன்னதும், மிதியிலிருந்து காலை எடுக்காமலே, “அப்போ பாவ அறுத்துரட்டுமா, அம்மிணி?” என்று கேட்டார். அறுத்துவிட்டு வேறொரு பாவை ஏற்றினால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைக்க வேண்டும். அதற்கே ஒன்றரை நாள் ஆகும், அந்த வேலைக்குக் கூலி தர எவரும் இல்லை. அறுக்காமல் விட்டால் ஐப்பசி மழைக்குத் தறிக்குழியில் ஈரம் ஊறும், கஞ்சி போட்ட இழையில் பூஞ்சை பிடிக்கும், பிறகு நெய்ய உட்காரும்போது கைக்குக் கை இழை அறும். கடைசியில் ஒரு பழைய சேலையைப் பாவின் மேல் விரித்துப் போர்த்தினார். காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் போர்த்துவதுபோல ஓரங்களை இழுத்துச் சரிசெய்துவிட்டு, எழுந்து போய் எனக்குக் காபி போட்டார்.

மீட்டருக்கு 130 ரூபாய் கூலி, மிச்சம் முப்பத்தெட்டு மீட்டர். அந்தப் பழைய சேலைக்கு அடியில் நின்றுபோனது 4,940 ரூபாய். நம் நாட்டு நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே சம்பாதிக்கின்றன என்று 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் அரசே எழுதியிருக்கிறது. அப்படியொரு குடும்பத்தின் முழு மாத வருமானத்துக்குச் சமமான தொகை அது.

அதே வாரத்தில் பழைய பழக்கத்தில் ஒரு ஏஜென்ட் வந்தார். விசைத்தறித் துணியில் இதே கோட்டு டிசைன், கெமிக்கல் சாயத்தில் இதே நீலம், காண்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தையல். எங்கள் லேபிளையே வைத்துச் சட்டை 900 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். 1,999-க்கு விற்கலாம், வரியும் 5 சதவீதம்தான் என்று அவரே கணக்கும் போட்டுக் காட்டினார். அவர் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் என் வேதனை. உள்ளூரில், தெரிந்த கைகளில், நியாயமான கூலிக்குச் செய்தால் 18. முகம் தெரியாத இடத்தில் மலிவாகச் செய்து வாங்கினால் 5. தாங்கள் இதை நினைத்துக் கோடு போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கோடு சொல்வது இதைத்தான்.

கெமிக்கல் சாயத்துக்கு நான் ஏன் இவ்வளவு தயங்குகிறேன் என்று கேட்பவர்கள் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரத்துப்பாளையம் அணையைப் போய்ப் பார்க்கலாம். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டிய அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கும் இடமாயிற்று. அதைத் திறந்துவிட வேண்டாம் என்று கீழே இருந்த விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது அதற்கெல்லாம் பிறகுதான். அதன்பின் சுத்திகரிப்புக்குத் திருப்பூர் நிறையச் செலவழித்திருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த எனக்கு, என் துணியின் சாயம் எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியாமல் ஒரு சட்டையை விற்க மனம் வரவில்லை.

ஒரு முரணையும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். புடவை துணியாகவே கருதப்படுவதால், ஒரு லட்ச ரூபாய்ப் பட்டுப்புடவைக்கும் 5 சதவீதம்தான். அது சரியே, காஞ்சிபுரத்து நெசவாளிக்கு அது நன்மை. ஆனால் அதேபோன்ற குழித்தறியில் நெய்த பருத்தித் துணியை வெட்டி, நான்கு பேருக்குத் தையல் வேலை கொடுத்து, சட்டையாக்கினால் மட்டும் 18 என்பது எந்த நியாயம்? கூடுதலாக ஒரு கை உழைப்புச் சேர்ந்ததற்கா 13 சதவீதம் கூடுதல் வரி?

2,500 ரூபாய்க்கு மேல் சட்டை வாங்குபவர் வசதியுள்ளவர், அவர் கொடுக்கட்டுமே என்று சொல்லலாம். வாங்குபவர் வசதியுள்ளவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்பதை விலைச்சீட்டு மட்டும் காட்டிவிடாது. பெரிய பெயருக்காக விலை ஏறிய சட்டையும், கூலிக்காக விலை ஏறிய சட்டையும் தங்கள் கோட்டுக்கு மேலே ஒன்றாகவே நிற்கின்றன. சிறு உற்பத்தியாளர்கள் மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டம் இருக்கிறதே என்றும் அதிகாரிகள் சொல்கிறார்கள். அதில் சேர்ந்தால் வெளி மாநிலத்துக்கு ஒரு சட்டைகூட அனுப்ப முடியாது. எங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் பெங்களூருக்கும் புனேவுக்கும் போகிறது.

எது கைத்தறி என்று கண்டுபிடிப்பது கடினம் என்ற தயக்கம் இருக்கலாம். அதற்கு 2006 முதலே அரசின் கைத்தறி முத்திரை இருக்கிறது. விலையைப் பார்க்காமல், செய்யும் முறையைப் பார்த்து வரி விதிப்பதும் புதிதல்ல. காதி ஆணையத்தின் சான்று பெற்ற நிலையங்களில் விற்கும் கதர்த் துணிக்கு இன்றும் வரியே கிடையாது. அதே வழியில், கைத்தறி முத்திரை பெற்ற துணியில் தைத்த ஆடைக்கு விலை வரம்பில்லாமல் 5 சதவீதம் என்று ஓர் அறிவிக்கை போதும்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 7 வந்தால் தேசியக் கைத்தறி நாள். 2015-இல் அதன் முதல் விழா எங்கள் சென்னையில்தான் நடந்தது. மேடையில் நெசவாளிக்குச் சால்வை போர்த்துகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். 2020-இல் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தபோது அந்தச் சால்வை போர்த்தியவர்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்? 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய வகைகளை விசைத்தறியில் நெய்து, கைத்தறி என்றே கூசாமல் விற்கும் கடைகள் எத்தனை ஊரில் இருக்கின்றன? கொடி காத்த குமரன் பிறந்த ஊர் என்று எங்கள் சென்னிமலையைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அவரும் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. இன்று இந்த ஊரில் தறிக்குழியை மண் போட்டு மூடிவிட்டு, பனியன் கம்பெனி பஸ்ஸுக்காகக் காலை ஏழு மணிக்குச் சாலையில் நிற்கும் பிள்ளைகளைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

மன்னிக்க வேண்டும். மன்றத்தின் வேலைக்கு அப்பாற்பட்டவற்றையும் தங்களிடம் கொட்டிவிட்டேன். வரம்பை 1,000 ரூபாயிலிருந்து 2,500-ஆக உயர்த்தியதில் நாங்கள் தைக்கும் குழந்தைகள் உடைகளுக்கும் குட்டைக் குர்த்திகளுக்கும் வரி 12-லிருந்து 5-ஆகக் குறைந்தது. அதற்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கைவினைப் பொருள்கள் பலவற்றுக்கும் அப்படியே குறைத்தீர்கள். அந்தப் பரிவைத் தைத்த கைத்தறி ஆடைக்கும் நீட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்: விலை எதுவானாலும் 5 சதவீதம். இதை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு தலைவர் அவர்களையும், அங்கே குரல் கொடுக்குமாறு தமிழ்நாட்டின் உறுப்பினரையும், கைத்தறி உள்ள பிற மாநிலங்களின் உறுப்பினர்களையும் பணிவுடன் வேண்டுகிறேன்.

தை மாதச் சரக்குக்கு நூல் சொல்ல வேண்டிய நாள் வந்துவிட்டது. சென்ற ஆண்டு பதினான்கு தறிக்கும் சேர்த்துச் சிட்ட நூல் வாங்கினேன். இந்த முறை எத்தனை தறிக்கு வாங்குவது என்று சாயப்பட்டறைக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

பணிவன்புடன்,
சென்னிமலையிலிருந்து ஒரு சிறு ஆடை உற்பத்தியாளர்