மழையைத் துடைத்துவிட்ட டிவிடி: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

புது டிவி வந்துவிட்டதென்று அக்கா சொன்னாள். சந்தோஷம். "சிட்டிசன் கேன்" டிவிடி ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது, 1941இல் வந்த கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இன்னும் கூர்மையான 4கே வட்டு எதற்கு மாமா, ஒரே படத்தை நாலு தடவை விற்கிற தந்திரம்தானே என்று கேட்டிருந்தாய். ஒரே வரியில் பதில் போட்டிருப்பேன். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டார்கள், அதனால் கொஞ்சம் நீட்டி இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தந்திரமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் படத்தின் பதிப்புகளில் மாறியிருப்பது கூர்மை மட்டுமில்லை. இருட்டும் மாறியிருக்கிறது. உன்னிடம் இருக்கும் 2001ஆம் வருட அமெரிக்க டிவிடி பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்புதான் அதன் குறை.

முதலில் ஒரு விஷயம். இந்தப் படத்தின் அசல் நெகட்டிவ், அதாவது கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிம், இப்போது இல்லை. 1970களில் நியூ ஜெர்சியில் ஒரு ஃபிலிம் லேபில் தீப்பிடித்தபோது எரிந்துபோனது. அதற்குப் பிறகு வந்த எல்லாமே, தியேட்டர் பிரிண்டானாலும் வட்டானாலும், மிஞ்சியிருந்த பழைய பிரதிகளிலிருந்து எடுத்தவைதான். அசல் கையில் இருந்தால் "இதோ, இப்படித்தான் இருந்தது" என்று காட்டி வாயை அடைத்துவிடலாம். இல்லாதபோது, எந்த இடம் எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. பதிப்புக்குப் பதிப்பு அந்த முடிவு மாறுகிறது. இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் 1985இல் போய்விட்டார். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் அதற்கும் முன்பே, 1948இல். கேட்க ஆளில்லை.

சரி, உன் டிவிடியைப் போடு. படத்தின் நாயகனான பத்திரிகை முதலாளி கேன் இறந்ததைச் சொல்லும் நியூஸ் ரீல் முடிந்ததும் ஒரு சின்னத் திரையிடும் அறை வரும். பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். புரொஜெக்டர் ஓட்டையிலிருந்து வரும் வெளிச்சக் கற்றைகளைத் தவிர அங்கே வேறு விளக்கில்லை. ஆட்கள் வெறும் நிழல்கள். படம் முழுக்கக் கேனைப் பற்றி விசாரித்துக்கொண்டு அலையும் தாம்சனின் முகத்தை நமக்குத் தெளிவாகக் காட்டுவதே இல்லை. அந்த விளையாட்டு இங்கேதான் தொடங்குகிறது. இருட்டுக்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. பின்னால் கேனின் நண்பன் லீலண்டாக வரப்போகும் ஜோசப் காட்டன் இந்தக் கூட்டத்திலும் ஒரு ஆளாக உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு நடிகர் எர்ஸ்கின் சான்ஃபோர்டும் அப்படித்தான். சோதனைப் படப்பிடிப்பு என்று ஸ்டுடியோவிடம் சொல்லிவிட்டு, படத்தைத் தயாரித்த ஆர்கேஓ ஸ்டுடியோவின் நிஜமான திரையிடும் அறையிலேயே வெல்ஸ் எடுத்த காட்சி இது. கையில் கிடைத்த தன் நாடகக் குழு ஆட்களையே உட்காரவைத்தார். இருட்டு இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. 2001 டிவிடியில் வெளிச்சத்தைத் தூக்கிவிட்டார்கள். இப்போது அந்தக் கூட்டத்தில் காட்டனைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. விவரம் அதிகமாகத் தெரிகிறது என்று யாராவது பாராட்டினால் சண்டைக்குப் போகத் தோன்றுகிறது எனக்கு.

அடுத்தது, கேனிடம் மேனேஜராக இருந்த பெர்ன்ஸ்டீனின் அறை. தாம்சன் அவரைப் பார்க்கப் போகிறான். உயரமான கட்டிடம், பெரிய ஜன்னல், வெளியே மழை. இளம் வயதில் படகில் போகும்போது எதிரே வந்த இன்னொரு படகில் ஒரே ஒரு விநாடி பார்த்த வெள்ளை உடைப் பெண்ணைப் பற்றிக் கிழவர் பேசுவது இங்கேதான். நினைவைப் பற்றி இத்தனை எளிமையான பேச்சைச் சினிமாவில் அதிகம் கேட்டதில்லை. உன் டிவிடியில் அந்த ஜன்னலுக்கு வெளியே மழை பெய்யாது. நிஜமாகவே பெய்யாது. துடைத்து எடுத்துவிட்டார்கள்.

வேண்டுமென்று செய்ததில்லை. பழைய படங்களைச் சுத்தம்செய்யும் மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களோடு ஒப்பிடும். ஒரு புள்ளியோ கோடோ ஒரே ஒரு ஃபிரேமில் மட்டும் இருந்துவிட்டு அடுத்ததில் காணாமல் போனால், அது தூசி அல்லது கீறல் என்று அழித்துவிடும். மழைத்தாரை வேறென்ன? நொடிக்கு 24 ஃபிரேமில் ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் மெல்லிய கோடுகள். மங்கலான மழை என்றால் அதற்கும் ஃபிலிமில் இயல்பாகவே இருக்கும் பொடிப்புள்ளிகளுக்கும் (கிரெய்ன் என்பார்கள்) இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. வாசலைப் பெருக்குகிறேன் என்று கோலத்தையும் சேர்த்து அள்ளிவிட்ட கதை. அதே காலத்தில் பிரிட்டனில் வேறொரு பிரதியிலிருந்து வந்த டிவிடியில் மழை இருந்தது. ஆனால் ஐரோப்பிய டிவிடிகள் நொடிக்கு 25 ஃபிரேம் ஓடுகிறவை. 119 நிமிடப் படம் 114 நிமிடத்திலேயே முடிந்துவிடும், குரல்களும் இம்மி அளவு மெலிந்து கேட்கும். ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடுங்குகிற வேலை.

இந்தச் சுத்தக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பரீட்சை அந்த நியூஸ் ரீல்தான். அதில் இருக்கும் கீறல்கள் காலம் போட்டவை அல்ல. பழைய செய்திப்படம் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக, எடிட்டர் ராபர்ட் வைஸும் அவருடைய உதவியாளர் மார்க் ராப்சனும் ஃபிலிமை மணல் போட்ட துணிக்குள் விட்டு இழுத்துக் கீறல் விழவைத்தார்கள். ஆகவே முதல் கால் மணி நேரத்தில் கீறலை விட்டுவைக்க வேண்டும், அதே படத்தின் மற்ற இடங்களில் எடுக்க வேண்டும். பொத்தானைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களால் முடிகிற காரியமா இது?

2011இல் வார்னர் 70ஆம் ஆண்டு ப்ளூரே கொண்டுவந்தது. இதில் மழை திரும்பி வந்துவிட்டது. திரையிடும் அறையும் மறுபடி இருண்டது. டிவிடியிலிருந்து இதற்கு வருகிறபோது கிடைக்கும் வித்தியாசம் பெரிது. இதிலிருந்து 4கேவுக்குப் போகும்போது அவ்வளவு கிடைக்காது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் அந்த ப்ளூரே இருந்திருந்தால் "பேசாமல் இரு" என்றுதான் எழுதியிருப்பேன்.

2021 நவம்பரில், நல்ல படங்களைத் தேர்ந்தெடுத்து வட்டில் போடும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் வெளியிட்டதுதான் நீ கேட்ட 4கே. அந்த நிறுவனம் தொடங்கியதே 1984இல் இந்தப் படத்தின் லேசர் டிஸ்க்கோடுதான். 4கேவுக்கு வந்தபோதும் முதலில் எடுத்த படங்களில் இதுவும் ஒன்று. ஒரு 4கே வட்டு, மூன்று ப்ளூரே. கறுப்புக்குள் கறுப்பு தெரிகிறது, அதுதான் இதில் விசேஷம். கேனின் சனடு மாளிகைக் கூடத்தில் அவனும் அவன் இரண்டாவது மனைவி சூசனும் ஆளுக்கொரு மூலையிலிருந்து கத்திப் பேசும் காட்சியில், தூரத்துச் சுவர் எங்கே முடிகிறது, நிழல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணால் அளக்க முடிகிறது. வெள்ளை கண்ணைக் குத்தவில்லை. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியை விரித்துக் காட்டும் எச்டிஆர் என்றதும் எல்லாம் தகதகக்கும் என்று நினைத்துவிடாதே. நல்லவேளையாக இங்கே அதை அடக்கித்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒரு வில்லங்கமும் நடந்தது. முதலில் வந்த பெட்டிகளில் ப்ளூரே வட்டில் சுமார் அரை மணி நேரம் போனதும் கான்ட்ராஸ்ட் விழுந்து படம் சாம்பல் பூத்துவிடும். ஒத்துக்கொண்டு வட்டை மாற்றித் தந்தார்கள். 4கே வட்டில் அந்தக் கோளாறு இல்லை. உனக்கு எப்படியும் இது பிரச்சினையாகாது, ஏனென்றால் ப்ளூரே வட்டுகளை நாடுகளின் மண்டலம் பார்த்துப் பூட்டுவார்கள்; அமெரிக்கக் கிரைட்டீரியன் ப்ளூரேக்கள் ஏ மண்டலத்துக்குப் பூட்டியவை, இந்தியா சி மண்டலம். உன் ப்ளேயரில் அவை ஓடாது. 4கே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டே இல்லை, அது நிம்மதியாக ஓடும். ஆனால் ப்ளூரேக்களில் இருக்கும் பிபிசி ஆவணப்படம், வெல்ஸ் 1934இல் விளையாட்டாக எடுத்த குறும்படம் எல்லாவற்றுக்கும் நீ காசு கொடுத்திருப்பாய், பார்க்க முடியாது. விலையைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள். பழைய டிவிடியை யாருக்கும் தானம் செய்துவிடாதே. கேன் பாத்திரத்துக்கு முன்மாதிரியான பத்திரிகை முதலாளி ஹேர்ஸ்டுக்கும் வெல்ஸுக்கும் நடந்த சண்டையைப் பற்றிய 1996ஆம் வருட ஆவணப்படம் அதன் இரண்டாவது வட்டில் இருக்கிறது.

4கேவில் பார்க்கும்போது சில ஷாட்டுகளில் மட்டும் திடீரென்று கிரெய்ன் தடித்துத் தெரியும். வட்டைத் திட்டாதே. கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே கூர்மையில் தெரிகிற டீப் ஃபோகஸ் என்று எல்லாரும் கொண்டாடும் பல காட்சிகளை லென்ஸ் மட்டும் சாதிக்கவில்லை. தனித்தனியாக எடுத்த துண்டுகளைத் தந்திரக் காட்சி நிபுணர் லின்வுட் டன், ஃபிலிமிலிருந்து ஃபிலிமுக்கு நகலெடுக்கும் ஆப்டிகல் பிரிண்டரில் ஒன்றாகச் சேர்த்தார். ஃபிலிமை மறுபடி ஃபிலிமில் நகலெடுத்தால் கிரெய்ன் கூடத்தான் செய்யும். எனக்கென்னவோ அந்தத் தையல் தெரிவது பிடித்திருக்கிறது. படத்தில் ஒரு வெள்ளைக் கிளி திடீரென்று கிறீச்சிடும், அதன் கண்ணைக் கவனி. கண் இருக்க வேண்டிய இடத்தில் பின்னாலிருக்கும் காட்சி தெரியும். சேர்க்கும்போது விழுந்த ஓட்டை. யாரும் அதை அடைக்கவில்லை, அடைக்கவும் வேண்டாம்.

கடைசியாக உன் டிவி. இத்தனை பேர் மழையைத் திருப்பிக் கொண்டுவந்ததை உன் வீட்டு ரிமோட் மறுபடி அழித்துவிடும். கடையிலிருந்து வந்த "விவிட்" மோடில் விட்டிருப்பாய், தெரியும். அதை "ஃபிலிம்மேக்கர்" அல்லது "சினிமா" மோடுக்கு மாற்று. நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூத்திங் இரண்டையும் அணைத்துவிடு. முதலாவது, அன்று அந்த மென்பொருள் செய்த அதே வேலையை உன் கூடத்தில் செய்கிறது. இரண்டாவது, இல்லாத ஃபிரேம்களை இடையில் செருகிப் படத்தை சீரியலாக்கிவிடும். படம் 1.37 விகிதத்தில் சதுரத்துக்குப் பக்கமாகத்தான் இருக்கும், இரண்டு ஓரமும் கறுப்பாக நிற்கும். திரை நிறையவில்லை என்று மாமனார் முணுமுணுத்தாலும் ஜூம் போடாதே, தலையும் காலும் போய்விடும். கூடத்து டியூப் லைட்டை அணைத்துவிட்டுப் பார்.

படம் ஓட ஓட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் விளக்கிப் பேசும் வர்ணனைத் தடம் பிரமாதமானது. ஒரு முறை படத்தைப் படமாகப் பார்த்துவிட்டு அப்புறம் அதைப் போட்டுக் கேள். வாங்குவதென்றால் கிரைட்டீரியன் வருடத்தில் சில முறை பாதி விலைக்குத் தருவார்கள், அதுவரை பொறு. வாங்கியதும் சொல், ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன்.

அன்புடன்,
மாமா