லிங்கனிலிருந்து சித்தப்பாவுக்கு: ஐந்து கெஜத்தின் விலை

லிங்கன், நெப்ராஸ்கா
26 நவம்பர் 2023

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். சித்திக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மக்காச்சோள அறுவடை முடிந்து ஊரைச் சுற்றி வயலெல்லாம் வெறும் தட்டையாகக் கிடக்கிறது. குளிர் எலும்பைத் தொட ஆரம்பித்துவிட்டது.

“ஒரு காலேஜ் டீம் தோற்றால் ஊரே துக்கம் காக்குமா?” என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். காக்கிறது, சித்தப்பா. நேற்று முன்தினம் அமெரிக்கன் ஃபுட்பாலில் பக்கத்து மாநிலமான அயோவாவிடம் 13-10 என்று நெப்ராஸ்கா தோற்றது. முப்பது வருஷம் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி விசில் ஊதிய உங்களுக்கு எப்படித் தோற்றார்கள் என்பதைச் சொன்னால் போதும், ஏன் துக்கம் என்பது தானாகப் புரிந்துவிடும்.

முதலில் ஊரைப் பற்றி. இந்த மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. இருப்பது இந்தப் பல்கலைக்கழக அணி ஒன்றுதான். பெயர் கார்ன்ஹஸ்கர்ஸ், மக்காச்சோளம் உரிக்கிறவர்கள். மெமோரியல் ஸ்டேடியத்தில் 85,000 பேர் உட்காரலாம். 1962 முதல் அங்கே ஒரு ஆட்டத்துக்கும் டிக்கெட் மிஞ்சியதில்லை. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை கடைத்தெருவில் சிவப்புச் சட்டை போடாதவரைத் தேடத்தான் வேண்டும். 1970, 1971, 1994, 1995, 1997 என ஐந்து தேசியப் பட்டங்கள் வாங்கிய அணி இது. டாம் ஆஸ்போர்ன் 25 வருஷம் பயிற்சியாளராக இருந்தார்; ஒரு வருஷம்கூட 9 வெற்றிக்குக் கீழே இறங்கவில்லை. அதே அணிக்கு இப்போது தொடர்ந்து ஏழாவது தோல்வி வருஷம். 12 ஆட்டத்தில் 6 ஜெயித்தால் வருஷக் கடைசியில் ‘பவுல்’ என்கிற கௌரவ ஆட்டத்துக்குப் போகலாம். 2016க்குப் பிறகு அதுவும் இல்லை.

ஆட்டத்தின் கணக்கு எளிது. கோல் கோட்டுக்குக் கோட்டு 100 கெஜம், அகலம் ஐம்பத்து மூன்றே சொச்சம் கெஜம், பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் பக்கத்துக்கு நாலு முயற்சி. ஒவ்வொரு முயற்சிக்கும் ‘டவுன்’ என்று பெயர். நாலுக்குள் 10 கெஜம் நகர்ந்தால் புதிதாக நாலு. மூன்றில் முடியாவிட்டால் பெரும்பாலும் நாலாவதில் பந்தை எதிரிக்குத் தூரமாக உதைத்துக் கொடுத்துவிடுவார்கள், அது ‘பன்ட்’. ஆக மூன்றாவது டவுன்தான் உயிர்நாடி. கபடியில் இரண்டு ரெய்டு வெறுமையாய்ப் போனால் மூன்றாவது ‘டூ ஆர் டை’ ஆகுமே, அதே நிலைமை.

இங்கேதான் ஐந்து கெஜத்தின் விலை தெரியும். மூன்றாவது டவுனில் இன்னும் 2 கெஜம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடலாம், எறியலாம். எதிரி இரண்டுக்கும் காவல் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் முன்வரிசையில் ஒருவன் பந்து கிளம்புமுன் தோளை அசைத்துவிட்டால் ‘ஃபால்ஸ் ஸ்டார்ட்’, 5 கெஜம் பின்னால். இப்போது வேண்டியது 7. எறிவார்கள் என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். ஓரத்தில் நிற்கும் இரண்டு எதிரிகளும் ஓட்டத்தைப் பற்றிய கவலையை விட்டு நேரே பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கின் மேல் பாய்வார்கள். பந்தைப் பிடிக்க ஏழு கெஜத்துக்கு ஓடுகிறவன் திரும்பி நிற்க இரண்டரை, மூன்று நொடி ஆகும். முன்வரிசை அதுவரை தாங்காது. அபராதப் பட்டியலில் வெறும் 5 என்று எழுதியிருக்கும். போனது பந்து.

இந்தத் தவறு ஏன் வருகிறது? வெளியூர் மைதானத்தில் கூச்சல் காரணம். குவார்ட்டர்பேக்கின் குரல் கேட்காது. அதனால் சத்தமில்லாமல் கிளம்ப ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: முன்வரிசையில் நிற்கும் கார்டு திரும்பிப் பார்ப்பான், குவார்ட்டர்பேக் காலைத் தூக்கியதும் நடுவில் குனிந்திருக்கும் சென்டரைத் தட்டுவான், சென்டர் தலையை நிமிர்த்தி ஒரு தாளம் விட்டுப் பந்தை அனுப்புவான். ஓரத்தில் நிற்கும் டேக்கிளின் கண் பந்தின் மேல் இருக்க வேண்டும். எதிரே நிற்கிறவன் வேகக்காரன் என்று பயந்து அவன் காலைப் பார்த்தான் என்றால் அரை நொடி முந்திவிடுவான். சொந்த மைதானத்தில் கூட்டம் வாயை மூடிக்கொண்டிருக்கும்போதும் இதே தவறு வருமானால் அதை நான் மன்னிக்க மாட்டேன். அது பயிற்சி நாளில் செய்யாமல் விட்ட வேலை.

‘ஹோல்டிங்’ வேறு ஜாதி. எதிரியின் மார்புச் சட்டகத்துக்குள் கை இருந்தால் தடுப்பு. தோளுக்கு வெளியே பிடித்து இழுத்தால் 10 கெஜம். கால் பிந்தினால்தான் கை நீளும், ஆகவே திருத்த வேண்டியது காலை. இதில் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. ஆட்டம் நின்ற பிறகு தள்ளுவதும், குவார்ட்டர்பேக் எறிந்து முடித்த பிறகு அடிப்பதும் 15 கெஜம். அங்கே இரக்கத்துக்கு இடமில்லை. தலையைக் குறிவைத்து மோதினால் 15 கெஜத்தோடு ஆளும் வெளியே. அதுவும் இரண்டாம் பாதியில் நடந்தால் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியும் போச்சு.

2021ஐச் சொன்னால் உங்களுக்கு முழுச் சித்திரமும் கிடைக்கும். அந்த வருஷம் 3 வெற்றி, 9 தோல்வி. ஒன்பது தோல்வியும் 9 புள்ளிக்குள். கூட்டிப் பாருங்கள்: அடித்தது 335, கொடுத்தது 272. எதிரிகளைவிட 63 அதிகம் எடுத்த அணி ஒன்பது ஆட்டம் தோற்றது! பலம் போதாமல் தோற்றார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் ஆட்டம் இல்லினாயிடம், 30-22. எதிரி எறிந்த பந்தை நம்மவர் பிடித்தார். ஆனால் எறிந்தவனை விதிமீறி அடித்ததற்காக அந்தப் பிடி செல்லாமல் போனது. அதே ஆட்டத்தில் பன்ட் வாங்கப் போனவர் கோல் கோடு வரைக்கும் பின்வாங்கிப் பிடித்தார். தப்பிக்கப் பார்த்ததில் நம் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே ஆட்டம் முடிந்து, ‘சேஃப்டி’ ஆகி எதிரிக்கு 2 புள்ளி. பள்ளிக்கூடப் பையனுக்கே சொல்லித்தரும் பாடம் இது: குதிகாலை 10 கெஜக் கோட்டில் வை, தலைக்கு மேலே போகும் பந்தைத் தொடாதே, அது தானாக உருண்டு உள்ளே போனால் 20 கெஜத்தில் நமக்குத்தான் கிடைக்கும்.

ஓக்லஹோமாவிடம் 23-16. பந்தை எதிரியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவதுதான் ‘டச்டவுன்’. அதற்குப் பின் கூடுதலாக ஒரு புள்ளிக்காக உதைத்த பந்தைத் தடுத்து, எதிரி மறுகோடிக்கு எடுத்துப் போய் 2 புள்ளி வாங்கினான். வர வேண்டிய ஒன்று போய், கொடுக்கக் கூடாத இரண்டு போய், மூன்று புள்ளி வித்தியாசம்.

எனக்கு இன்றும் ஆறாதது மிச்சிகன் ஸ்டேட் ஆட்டம். இரண்டாம் பாதி முழுக்க அவர்களை 10 கெஜம் நகர்ந்து புதிதாக நாலு முயற்சி வாங்கும் ‘ஃபர்ஸ்ட் டவுன்’ ஒன்றுகூட எடுக்கவிடவில்லை நம் தடுப்பாட்டம். 20-13 முன்னிலை. பன்ட்டை வலது பக்கம் உதைப்பதாகத் திட்டம், பத்துப் பேரும் வலது பக்கம் ஓடினார்கள். பந்து இடது பக்கம் போனது. காலி மைதானத்தில் 62 கெஜம் ஓடி டச்டவுன். கூடுதல் நேரத்தில் 23-20 தோல்வி. உதைக்கிறவன் பந்தைக் கைவிடும்போது அதன் மூக்கு ஒரு விரல் கடை திரும்பினாலும் போகும் திசை மாறிவிடும். அதற்காகத்தான் வாரம் முழுக்க நூறு நூறாக உதைக்க வைக்க வேண்டும் என்கிறேன்.

பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட், 1997 பட்டம் வாங்கிய அணியின் குவார்ட்டர்பேக். ஊர்ப்பிள்ளை. அவர் காலத்தில் மொத்தம் 16 வெற்றி, 31 தோல்வி. ஒரு டச்டவுன் வித்தியாசத்துக்குள் முடிந்த ஆட்டங்களில் 5 வெற்றி, 22 தோல்வி. 2022இல் டப்ளினில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 28-17 முன்னிலையில் இருக்கும்போது, தேவையே இல்லாமல் குட்டையாக உதைத்துப் பந்தைத் திரும்பப் பிடிக்கும் ‘ஆன்சைடு கிக்’ முயன்றார். பிடிபடவில்லை, 31-28 தோல்வி. இரண்டு வாரத்தில் ஜார்ஜியா சதர்னிடம் சொந்த மைதானத்தில் 45-42. அதுவரை இந்த மைதானத்தில் 35 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்த 214 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்றதில்லை. மறுநாளே அவரை நீக்கினார்கள்.

அவருடைய தாக்குதல் முறையில் ஒரு கோளாறு இருந்தது. கூடிப் பேசாமல் வேகவேகமாக ஆடுவது. அது நடந்தால் எதிரி மூச்சுத் திணறுவான். மூன்று டவுனில் நின்றுபோனால் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. இப்போதுதான் உட்கார்ந்த நம் தடுப்பாட்டக்காரர் மறுபடி எழுந்து போக வேண்டும். நாலாவது கால் பகுதியில் அவர்கள் கால் தளர்வதில் என்ன ஆச்சரியம்?

இந்த வருஷம் புதிய பயிற்சியாளர் மேட் ரூல். தடுப்பாட்டம் நன்றாகத் திருந்தியிருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் 5 வெற்றி, 3 தோல்வி என்று நின்றவர்கள் கடைசி நாலில் ஒன்று ஜெயித்தால் போதும் என்ற நிலையில் 20-17, 13-10, 24-17, 13-10 என்று நாலையும் விட்டார்கள். விஸ்கான்சினுக்கு எதிராக 14-0 முன்னிலையில் இருந்தார்கள்! மேரிலாந்து ஆட்டத்தில் 10-10 சமநிலை, கோல் பக்கத்தில் பந்து. சும்மா கோல் கம்பங்களுக்கு நடுவே ‘ஃபீல்ட் கோல்’ உதைத்திருந்தாலே 3 புள்ளி. எறிந்தார்கள், கோல் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ட் சோனில் எதிரி பிடித்துக்கொண்டான்.

இந்த எறிதல் தவறுகளுக்குக் காரணம் மூன்று. எறிகிறவன் முதலிலிருந்தே ஒருவனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்காவல்காரன் அவன் கண்ணைப் பின்தொடர்ந்தே வந்துவிடுகிறான். பின்னங்காலில் சாய்ந்து எறிகிறான், பந்து மிதக்கிறது. ஆட்டக் கட்டளை ஓரத்திலிருந்து கைச்சைகையிலும் படப் பலகையிலும் வருகிறது. கல்லூரி ஆட்டத்தில் இந்த 2023 சீசன் வரை தலைக்கவச ரேடியோ கிடையாது. ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் 40 நொடி. கட்டளை பிந்தி ஐந்து நொடி மிச்சத்தில் வந்தால் எதிரி எப்படி நிற்கிறான் என்று பார்க்க அவகாசம் எங்கே?

ஓடும்போது பந்தை நழுவவிடுவது தனிக்கதை. விரல்கள் பந்தின் முனையை மூட வேண்டும். உள்ளங்கை, முன்கை, மேல்கை, விலா ஆகிய நாலும் அழுத்த வேண்டும். கூட்டத்துக்குள் நுழையும்போது இரண்டாவது கையும் மேலே. நம் குவார்ட்டர்பேக்குகள் பந்தை ஒற்றைக் கையில் ரொட்டித் துண்டுபோல் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பார்க்கவே நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அயோவா ஆட்டத்தின் வேதனை இதுதான்: நாட்டிலேயே மிக மெலிந்த தாக்குதல் ஆட்டம் அவர்களுடையது. தாக்குதல் பயிற்சியாளரின் ஒப்பந்தத்திலேயே சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும் என்று எழுதி, அது நடக்காமல் இந்த சீசனோடு அவர் போகப்போகிறார் என்று அறிவித்துவிட்டார்கள். போன வருஷம் ஒரு டச்டவுனும் இல்லாமல், ஒரு ஃபீல்ட் கோலும் இரண்டு சேஃப்டியும் வைத்து 7-3 என்று ஜெயித்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் 10 வெற்றி, 2 தோல்வி என்று நிற்கிறார்கள். ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் பன்ட் உதைத்து எதிரியைக் கோட்டடியில் தள்ளுவார். பிறகு எதிரி தவறட்டும் என்று காத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமையும் 10-10இல் காத்திருந்தார்கள். கடைசி நொடிகளில் நாம் எறிந்தோம், அவர்கள் பிடித்தார்கள், ஒரு ஓட்டம், ஒரு உதை, முடிந்தது.

ஆஸ்போர்ன் காலத்து ‘ஆப்ஷன்’ ஆட்டத்தை நினைத்துக்கொள்கிறேன். ஓர எதிரி ஒருவனை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவார்கள். அவன் உள்ளே வந்தால் பந்தைப் பக்கத்தில் ஓடுபவனுக்குத் தட்டிவிடுவான் குவார்ட்டர்பேக், வெளியே நின்றால் தானே உள்ளே ஓடுவான். பதினொருவரில் ஒருவன் ஒரு அடி தப்பினாலும் நடக்காத ஆட்டம் அது. அதை வருஷம் முழுக்கச் செய்து செய்து காலுக்குப் பழக்கினார்கள். ரூல் அதே ஆட்டத்தை ஆட வேண்டாம்; அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தால் போதும். பயிற்சியில் ஒலிபெருக்கி வைத்துக் கூச்சல் போடட்டும். நடுவரைக் கூட்டி வந்து கொடி வீசச் சொல்லட்டும். பந்தை நழுவவிட்டவன் எவ்வளவு பெரிய ஆளானாலும் அடுத்த வரிசையில் உட்காரட்டும். நீங்கள் பள்ளியில் அப்படித்தானே செய்தீர்கள்?

உங்களுக்குச் சந்தோஷமான ஒரு செய்தி: ஆகஸ்ட் 30ஆம் தேதி இதே ஸ்டேடியத்தின் நடுவில் வலை கட்டிப் பெண்கள் வாலிபால் ஆட்டம் வைத்தார்கள். 92,003 பேர் வந்தார்கள். அந்த அணிக்குத் தேசியப் போட்டி இந்த வாரம் தொடங்குகிறது. அவர்கள் சர்வீஸ் வாங்கும் முறையை அடுத்த கடிதத்தில் படம் போட்டு எழுதுகிறேன். சித்திக்கு என் வணக்கம்.

உங்கள் அண்ணன் மகன்