வலப்பக்க டார்ஷன் பார் கேட்டால் இடப்பக்கத்தை அனுப்புவதா? எம்113ஏ1 வண்டி குறித்த புகார்

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் மற்றும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
உபரி ராணுவ வாகன விற்பனை நிறுவனம், இங்கிலாந்து.

பொருள்: தங்களிடம் வாங்கிய எம்113ஏ1 கவச வண்டியின் உடைந்த டார்ஷன் பார், தேய்ந்த ஸ்டியரிங் பேண்டுகள், வராத இறக்குமதி ஆவணம் ஆகியவை தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வண்டி இப்போது என் கொட்டகையில் வலப்பக்கத்து நாலாவது சக்கரம் கழற்றப்பட்டு, சக்கரங்களைச் சுற்றி ஓடும் ட்ராக் பிரிக்கப்பட்டு, மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. போன், மின்னஞ்சல், நேரில் வருவது என்று எல்லா வழியும் பார்த்தாயிற்று. விற்பனைப் பிரிவு ஸ்பேர்ஸ் கவுண்டரைக் கைகாட்டுகிறது, கவுண்டர் பணிமனையைக் கைகாட்டுகிறது, பணிமனைப் பொறுப்பாளர் எப்போது கேட்டாலும் விடுப்பில் இருக்கிறார். இனி வாய்ப்பேச்சுக்கு என்னிடம் தெம்பு இல்லை. எழுத்தில் தருகிறேன், தாங்களும் எழுத்தில் பதில் தர வேண்டும்.

முதலில் டார்ஷன் பார், அதாவது முறுக்கத்தில் வேலை செய்து சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக இருக்கும் எஃகுத் தண்டு. தங்கள் விளம்பரத்தில் 'சஸ்பென்ஷன் முழுவதும் சரிபார்க்கப்பட்டது' என்று இருந்தது. வண்டியை இறக்கிய அன்றே வண்டியின் உடல் (ஹல்) வலப்பக்கம் பின்னால் தாழ்ந்திருந்தது. வலப்பக்க நாலாவது ரோட்வீலுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் சக்கரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் மேலே வந்தது. பார் முழுசாக இருந்தால் ஒரு ஆள் நெம்பி அந்தச் சக்கரம் அசையாது என்பது தங்கள் பணிமனையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஐந்து சக்கரங்களையும் வரிசையாக நெம்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அதைக்கூடச் செய்யாமல் என்ன சரிபார்த்தீர்கள்? ஒரு பார் உடைந்த வண்டியை ஓட்டினால் அந்தப் பளு பக்கத்துச் சக்கரங்களில் ஏறும், திரும்பும்போது ட்ராக் கழன்று விழும், அடுத்த பாரும் போகும்.

சரி, பாரை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டீர்கள். அதற்கு அப்போதே நன்றி தெரிவித்திருந்தேன். வந்து சேர்ந்தது இடப்பக்கத்து பார். முனையில் பொறித்திருக்கும் அம்புக்குறியே சொல்கிறது, அந்த பார் எந்தத் திசையில் முறுக்கப்பட வேண்டியது என்று. செய்யும்போதே ஒரு திசையில் அளவுக்கு மீறி முறுக்கி விடுவதால்தான் அது அந்தத் திசைப் பளுவைத் தாங்குகிறது. எதிர்ப்பக்கத்தில் போட்டால் முனையிலுள்ள பற்களில் (ஸ்ப்ளைன்) நன்றாகவே உட்காரும், வண்டியும் ஓடும், கொஞ்ச நாளில் உடையும். இது மேனுவலில் இருக்கும் விஷயம். இந்த வண்டியையும் இதன் பாகங்களையும் விற்றுப் பிழைக்கும் நிறுவனத்துக்கு இதை நான் எழுதிக் காட்ட வேண்டியிருப்பதே வேதனை.

அதோடு முடிந்ததா? பாரை எந்த உறையும் இல்லாமல், சங்கிலி சுற்றி அனுப்பியிருக்கிறீர்கள். மேலே சுற்றியிருந்த டேப் கிழிந்து, நடுப்பகுதியில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. அதைச் சுற்றித் துருக்குழிகள். முறுக்கத்தில் வேலை செய்யும் தண்டில் விரிசல் தொடங்குவது இப்படிப்பட்ட கீறலில்தான். சரியான பக்கத்து பாராகவே இருந்திருந்தாலும் நான் அதைப் போட்டிருக்க மாட்டேன். படங்களை இணைத்திருக்கிறேன். அம்புக்குறி ஒன்றில், வெட்டு இன்னொன்றில்.

இதைச் சொல்லத்தான் ஸ்பேர்ஸ் கவுண்டருக்கு அழைத்தேன். எடுத்தவர் பெயர் சொல்ல மறுத்துவிட்டார். "ராணுவ வண்டிதானே, எந்தப் பக்கமானாலும் போகும், போகாவிட்டால் சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டுங்கள்" என்றார். அம்புக்குறியைப் பற்றிச் சொன்னேன். "இவ்வளவு யோசிக்கிறவர்கள் கார் வாங்கியிருக்கலாமே" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி அழைத்தபோதும் அவர்தான் எடுத்தார். என் குரலைக் கேட்டதும் "சுத்தியல் கிடைத்ததா?" என்று கேட்டார். பின்னால் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. டார்ஷன் பாரைச் சுத்தியலால் அடிக்கச் சொல்லும் ஒருவரைத் தாங்கள் கவுண்டரில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் பேச்சைக் கேட்டு யாராவது அப்படியே செய்து, பதினோரு டன் வண்டி சாலையில் தடம் புரண்டால் யார் பொறுப்பு? அந்த நபரிடமிருந்து எனக்கு எழுத்துப்பூர்வமான மன்னிப்பு வேண்டும். பணம் திரும்பி வந்தாலும் இந்தக் கோரிக்கையை விட மாட்டேன்.

ஸ்டியரிங் விஷயம் இதைவிட ஆபத்தானது, அதை இன்னும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடப்பக்க லிவரை இருக்கை வரை இழுத்தால்தான் பிடிக்கிறது. இரண்டையும் சேர்த்து இழுத்தால் வண்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் நிற்கிறது. இந்த வண்டியில் காலால் மிதிக்கும் பிரேக் கிடையாது, ஓட்டத்தில் திருப்புவதும் நிறுத்துவதும் அதே இரண்டு லிவர்கள்தான். லிவரை இழுத்தால் டிஃபரன்ஷியலுக்குள் ஆயிலில் இருக்கும் ஸ்டியரிங் பேண்ட் என்ற பட்டை அந்தப் பக்கத்து டிரம்மை இறுக்கிப் பிடிக்கும். ஆகவே 'ஸ்டியரிங் கொஞ்சம் கனமாக இருக்கும், பழகிவிடும்' என்று தங்கள் விற்பனையாளர் சொன்னது, பிரேக் இல்லாத வண்டியை ஓட்டிப் பழகச் சொன்னதற்குச் சமம். டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தேன். கருகிய வாடை, விரலில் தேய்த்தால் பேண்ட் லைனிங்கின் துகள். அட்ஜஸ்டரில் இனி இறுக்க இடமில்லை. இதற்கு மேல் இறுக்கினால் லிவரை விட்ட பிறகும் பேண்ட் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும், ஆயில் கொதிக்கும், மிச்சமிருக்கும் லைனிங்கும் போகும். அதாவது விற்பதற்கு முன்பே யாரோ கடைசி வரை இறுக்கி, யார்டுக்குள் ஒரு சுற்று ஓட்டிக் காட்டி என் தலையில் கட்டியிருக்கிறார்கள். புது லைனிங் போட டிஃபரன்ஷியலையே வெளியே எடுக்க வேண்டும். கிரேன் இல்லாமல் நடக்கிற காரியமா அது?

லோ-லோடர் (கனரக வண்டிகளை ஏற்றும் தாழ்தள ட்ரெய்லர்) பயணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாரண்டி பரிசோதனை தங்கள் யார்டில்தான் நடக்கும், வண்டியைக் கொண்டுவந்தால்தான் உண்டு என்று மின்னஞ்சல் அனுப்பியது தாங்கள்தான். தேதியும் நேரமும் குறித்துக் கொடுத்ததும் தாங்கள்தான். 2.69 மீட்டர் அகலமுள்ள வண்டியைச் சாதாரண ட்ரெய்லரில் ஏற்ற முடியாது. லோ-லோடரும் அதற்கான ஓட்டுநரும் வாடகைக்கு எடுத்து, உடைந்த பாரோடு வின்ச் போட்டு ஏற்றிக் கொண்டுவந்தேன். கேட்டில் இருந்தவரிடம் என் பெயரே இல்லை. பணிமனைப் பொறுப்பாளர் விடுப்பு. இறக்கிவிட்டுப் போகிறேன் என்றால் 'இடமில்லை'. அதே யார்டில் எனக்கு எதிரே வாங்க வந்த ஒருவருக்கு இன்னொரு எம்113-ஐ ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். விற்க ஆள் இருக்கிறது, விற்றதைப் பார்க்க ஆள் இல்லை. ஏற்றிய வண்டியை இறக்காமலே திருப்பிக் கொண்டுபோனேன், வாடகை முழுசாகக் கட்டினேன். அந்த ரசீதும் இணைப்பில் இருக்கிறது.

அடுத்தது ட்ராக் பேட் கணக்கு. ட்ராக்கின் ஒவ்வொரு இரும்புக் கண்ணியிலும் (ஷூ) பொருத்தும் ரப்பர் கட்டைதான் பேட், ஷூவுக்கு ஒன்று. முழு செட் என்று காசு வாங்கினீர்கள். பெட்டியில் இருந்தது 126. டி130 ட்ராக்கில் ஒரு பக்கம் 63 ஷூ, மறுபக்கம் 64. பார்கள் குறுக்கே போவதால் இரண்டு பக்கச் சக்கரங்களும் நேருக்கு நேர் இருக்காது, அதனால்தான் இந்த வித்தியாசம். மொத்தம் 127. ஒன்றுதானே என்று கவுண்டரில் சொன்னார்கள். அந்த ஒரு ஷூ ரப்பர் இல்லாமல் ஒவ்வொரு சுற்றுக்கும் தார்ச்சாலையில் இரும்பாய் இறங்கும். மேலும் புது பேடுகளோடு அனுப்பிய நட்டுகள் கழற்றிய பழைய செல்ஃப்-லாக் நட்டுகள், கையாலேயே கடைசி வரை திருகிவிடலாம். பூட்டாத நட்டு ஓட்டத்தில் கழன்று, பேட் பின்னால் வருகிறவர் கண்ணாடியில் போய் அடிக்கும். புது நட்டுகள் 127 வேண்டும்.

எஞ்சின் பற்றிப் பெரிய குறை சொல்ல மாட்டேன், டெட்ராய்ட் டீசலின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினான 6வி53 நன்றாகவே எழுகிறது. ஆனால் சர்வீஸ் பில்லில் 15டபிள்யூ-40 மல்டிகிரேடு ஆயில் ஊற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். டூ-ஸ்ட்ரோக்குக்கு டெட்ராய்ட் டீசல் சொல்வது சாம்பல் குறைந்த சிங்கிள் கிரேடு 40. வடித்துவிட்டு நானே மாற்றிவிட்டேன், அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

ஆவணங்கள். வண்டியை இறக்குமதி செய்தது தாங்கள். சுங்க வரித்துறைக்கு நோவா அறிவிப்பு (வண்டி நாட்டுக்குள் வந்ததைத் தெரிவிப்பது) கொடுக்க வேண்டியதும் தாங்கள்தான். அது பதிவாகாமல் வண்டியைப் பதிவு செய்யும் வி55/5 படிவத்தை அனுப்பினால் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ திருப்பி அனுப்பிவிடும். தயாரிப்பு ஆண்டுக்கான சான்றும் தருவதாகச் சொன்னீர்கள். அது இருந்தால்தான் 40 வயது கடந்த வண்டி என்று வரிவிலக்கு கேட்க முடியும். இரண்டும் 'அடுத்த வாரம்' வரும் என்று சொல்லிச் சொல்லியே கோடைகாலம் போய்விட்டது. ட்ராக் வண்டிக்கான எச் பிரிவு உரிமத் தேர்வுக்கு இந்த வண்டியில்தான் போவதாக இருந்தேன். கண்காட்சிகள் எல்லாம் முடிந்தன. இந்த வருஷமே எனக்கு நாசம். இன்றைய நிலையில் இந்த வண்டியை எடைக்குப் போட்டால் பழைய அலுமினிய விலைதான் கிடைக்கும்.

'பார்த்தபடியே விற்கப்பட்டது' என்று பில்லின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பதைத் தங்கள் ஊழியர் ஒவ்வொரு முறையும் வாசித்துக் காட்டுகிறார். வியாபாரி தனிநபருக்கு விற்கும்போது அந்த வரிக்கு மதிப்பில்லை. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் திருப்திகரமான தரத்திலும் விவரித்தபடியும் இருந்தாக வேண்டும், அந்தப் பொறுப்பை எந்த நிபந்தனையாலும் தட்டிக் கழிக்க முடியாது. முதல் ஆறு மாதத்தில் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது தாங்கள். பழுது நீக்க ஒரு வாய்ப்பு கொடுத்தேன், இடப்பக்க பாரை அனுப்பினீர்கள். இனி விலைக்குறைப்போ வண்டியைத் திருப்பித் தருவதோ கேட்க எனக்கு உரிமை உண்டு.

வழக்குப் போடும் ஆசை எனக்கு இல்லை. இந்த வண்டி எனக்குப் பிடித்திருக்கிறது, சரியாக ஓட வேண்டும், அவ்வளவுதான் வேண்டும். தங்கள் யார்டில் நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: வலப்பக்கத்துக்கு உரிய, கீறலில்லாத டார்ஷன் பார் மரப்பெட்டியில் உறையோடு வர வேண்டும். டிஃபரன்ஷியலைத் தங்கள் செலவில் எடுத்து லைனிங் மாற்றித் தர வேண்டும், அல்லது அதற்கான தொகையை விலையில் கழிக்க வேண்டும். வண்டியை யார்டுக்குக் கொண்டுவரச் சொன்னால் லோ-லோடரைத் தாங்களே அனுப்ப வேண்டும். விடுபட்ட பேட், நட்டுகள், நோவா எண், தயாரிப்பு ஆண்டுச் சான்று, வீணான பயணத்தின் வாடகை, ஆயில் செலவு. அப்புறம் அந்தக் கவுண்டர் ஊழியரின் மன்னிப்பு.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் இவற்றுக்கு ஒரு தேதி சொல்லாவிட்டால் இதையே வழக்குக்கு முந்தைய அறிவிப்பாக எடுத்துக்கொள்ளலாம். செலவுத்தொகை 10,000 பவுண்டுக்குள் இருப்பதால் சிறு வழக்கு நீதிமன்றமே போதும். முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டியிருக்கிறேன், வண்டியின் விலையும் 30,000 பவுண்டுக்குள்தான். நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி வங்கியிடமும் கேட்பேன். வர்த்தகத் தர அதிகாரிகளுக்கும் இதே கோப்பு போகும், சுத்தியல் உரையாடல் உட்பட.

தயவுசெய்து அந்த நிலைக்குத் தள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: தவறாக வந்த பாரை என் செலவில் திருப்பி அனுப்பச் சொல்லி நேற்று இன்னொரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அனுப்ப மாட்டேன். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் சங்கிலி கொண்டுவரத் தேவையில்லை, நான் சாக்கு சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன். அதை இன்னொருவருக்கு விற்பதற்கு முன் அந்த வெட்டைக் காட்டிவிட்டு விற்கவும்.