வெள்ளவத்தை காலை நடை: திங்கள் முதல்

உறுப்பினர்களுக்கு வணக்கம். திங்கள் தொடக்கம் காலை 5.45க்கு மரைன் டிரைவில் நடை. புதியவர்களுக்கு முதல் இரண்டு கிழமையும் 15 நிமிடம் போதும், பிறகு கிழமைக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். முதல் நாளே ஒரு மணித்தியாலம் நடப்பவர்கள்தான் கெண்டைக்கால் நொந்து மூன்றாம் நாள் வராமல் விடுவது. போகப்போக கிழமைக்கு 150 நிமிடம் இலக்கு. நடக்கும்போது கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். மழை பெய்தால் வீட்டிலேயே கதிரையில் கையூன்றாமல் 10 தடவை இருந்து எழும்புங்கள், மூன்று சுற்று.

சாப்பாட்டில் இப்போதைக்குச் சீனி மட்டும். (இடியப்பத்தையும் சொதியையும் அடுத்த மாதம் பார்ப்போம், பயப்படவேண்டாம்.) நாளுக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி என்றால் 32 கிராமுக்குக் குறையாது. உலக சுகாதார நிறுவனம் நல்லதென்பது ஏறக்குறைய 25 கிராமுக்குள். ஒரேயடியாக நிறுத்தினால் பத்து நாளில் பழையபடி வந்துவிடும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிவிடும். குறைத்த சீனிக்குப் பதிலாகக் கிறீம் பிஸ்கட் எடுத்தால் கணக்கு சரிவராது.

இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். நடக்க வரும்போது பொக்கற்றில் குளுக்கோஸ் இருக்கட்டும்.