குடிநீர் அறிக்கையில் ‘பெர்மிசிபிள்’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நிலத்தடி நீர்ப் பரிசோதனை பற்றிய செய்திகளில் ‘அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது’ என்ற வரி அடிக்கடி வருகிறது. ஆய்வக அறிக்கையிலுள்ள ‘பெர்மிசிபிள் லிமிட்’ என்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள். அதனுடன் ஒட்டியிருக்கும் நிபந்தனை மட்டும் அச்சில் விடுபட்டுப்போகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 10500 : 2012 என்ற குடிநீர்த் தரநிலை, ஏற்கத்தக்க அளவு ஒன்றையும், வேறு நீராதாரம் இல்லாத நிலையில் மட்டும் பொறுத்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவு ஒன்றையும் தனித்தனியே தருகிறது, ‘பெர்மிசிபிள்’ என்பது இந்த இரண்டாவதையே குறிக்கும். டிடிஎஸ் எனப்படும் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, 2,000 வரை ‘பெர்மிசிபிள்’. ஆகவே 1,900 காட்டும் ஆழ்துளைக் கிணற்று நீர், வாயில் வைத்தாலே கரித்தாலும், செய்தியில் நல்ல தண்ணீராகிவிடுகிறது. ஃபுளோரைடுக்கு இந்த இரு அளவுகள் 1 மில்லிகிராம், 1.5 மில்லிகிராம், ஃபுளோரைடு மிகுதியால் பற்களில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளைப் பார்த்துவரும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியினருக்கு அந்த அரை மில்லிகிராம் அற்பமானதன்று. நைட்ரேட்டுக்கோ 45 மில்லிகிராமுக்கு மேல் தளர்வே கிடையாது. இனி இத்தகைய செய்திகளில் இரு அளவுகளையும் பரிசோதனையில் வந்த எண்ணையும் சேர்த்தே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தருமபுரி